நாளைக்குன்னு எடுத்து வைக்கக் கூடாது: ஒரு புத்தக் கோயில் தினமும் எப்படி ஓடுது?



உங்க ஃபிரிட்ஜ்ல இப்போ என்ன இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. பாதி பாக்கெட் தோசை மாவு, நேத்து ராத்திரி ஆர்டர் பண்ணதுல மிஞ்சின பிரியாணி, அம்மா ஊர்ல இருந்து கொடுத்து விட்ட புளிக்காய்ச்சல். எல்லாமே நாளைக்கு உதவும்னு எடுத்து வச்சதுதான். தேரவாத பௌத்தத்துல ஒரு துறவிக்கு, அதாவது ஒரு பிக்குவுக்கு, இந்த வசதி கிடையாது. இன்னிக்கு அவர் கைக்கு வந்த சாப்பாட்டை நாளைக்கு அவர் சாப்பிட முடியாது. விதியே அப்படித்தான்.

பிக்குங்கிற சொல்லும் நம்ம பிச்சைங்கிற சொல்லும் ஒரே வேர்ல இருந்து வந்தவை. நம்ம ஊர்ல பிச்சைன்னா அவமானம். தாய்லாந்துல அதே வேர்ச்சொல்லைப் பேராக வச்சிருக்கிற ஒருத்தர் தெருவுல வந்தா, கொடுக்கிறவங்க செருப்பைக் கழட்டிட்டு மண்டி போட்டுக் கொடுக்கிறாங்க. அந்த நாட்டுல சுமார் 40,000 புத்தக் கோயில்கள் இருக்கு. கோயிலுக்கு அங்க 'வாட்'னு பேர். சிலை, கோபுரம், தியானம் எல்லாத்தையும் இன்னிக்குக் கொஞ்சம் ஓரமா வச்சுடுவோம். ஒரு வாட் தினசரி எப்படி ஓடுது, யார் ஓட்டுறாங்க, அது எங்க உடையுது, இதை மட்டும் பார்ப்போம்.

எல்லாக் கதவும் மூடியாச்சு

பிக்குகளுக்கான நடத்தை விதிகளுக்கு விநயம்னு பேர். தேரவாத மரபுல ஒரு பிக்குவுக்கு 227 விதிகள். அதுல சாப்பாட்டைத் தொடுற சில விதிகளை மட்டும் எடுத்து வரிசையா வச்சுப் பார்க்கலாம்.

மண்ணைத் தோண்டக் கூடாது, செடி கொடியை வெட்டக் கூடாது. அப்போ விவசாயம் பண்ண முடியாது. பணத்தைக் கையால வாங்கக் கூடாது. அப்போ கடைக்குப் போய் வாங்க முடியாது. இன்னொருத்தர் கொடுக்காத எதையும் வாயில வைக்கக் கூடாது, தண்ணிக்கும் பல் குச்சிக்கும் மட்டும் விலக்கு. மாமரத்தடியில பழம் விழுந்து கிடந்தாலும் யாராவது எடுத்துக் கையில கொடுத்தாத்தான் சாப்பிடலாம். நண்பகல் தாண்டினா மறுநாள் விடியுற வரைக்கும் சாப்பாடு இல்லை. கடைசியா, இன்னிக்கு வாங்கினதை நாளைக்குன்னு எடுத்து வச்சுச் சாப்பிடக் கூடாது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் இந்த அஞ்சை மட்டும் மருந்து மாதிரி 7 நாள் வச்சுக்கலாம்.

தனித்தனியாப் பார்த்தா இதெல்லாம் துறவு, எளிமைன்னு தோணும். சேர்த்துப் பார்த்தா வேற ஒண்ணு தெரியுது. விளைவிக்க, வாங்க, பறிக்க, சேர்த்து வைக்க, இந்த எல்லா வழியையும் யாரோ யோசிச்சு அடைச்சிருக்காங்க. ஒரே ஒரு வழியை மட்டும் திறந்து வச்சிருக்காங்க. தினமும் காலையில ஒரு மனுஷன் வந்து கொடுக்கணும்.

கோடு எழுதுறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். வேணும்னே கேஷை ஆஃப் பண்ணி வச்ச சிஸ்டம் இது. ஒவ்வொரு ரிக்வெஸ்டும் சர்வர் வரைக்கும் போயே ஆகணும். வேகத்துக்கு இது நல்லதில்லை, யாரும் இப்படி டிசைன் பண்ண மாட்டாங்க. ஆனா சர்வர் உயிரோட இருக்கா, இல்லையான்னு ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சுடும்.

இதனால ஒரு பிக்கு மனுஷங்களை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது. காட்டுல இருக்கிற மடத்துக்கும் இதே கணக்குதான். காலையில நடந்து போய்த் திரும்புற தூரத்துல ஒரு கிராமம் இருந்தே ஆகணும்.

காலை நடை

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ப்ராஜெக்ட்டுக்காக நான் நாலு மாசம் பாங்காக்ல இருந்தேன். தங்கியிருந்த அபார்ட்மெண்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன வாட். அதனால இதைத் தினமும் பார்க்க முடிஞ்சது.

எப்போ கிளம்பணும்ங்கிறதுக்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கு. கையை நீட்டினா உள்ளங்கை ரேகை தெரியணும். அந்த வெளிச்சம் வந்ததும் பிக்குகள் வெறுங்காலோட, பாத்திரத்தை எடுத்துக்கிட்டு வரிசையா வெளியே வர்றாங்க. இந்த நடைக்குத் தாய் மொழியில 'பிந்தபாத்'. பாலி மொழிப் 'பிண்டபாத'தான் அது. பிண்டம்னா சோத்து உருண்டை, பாதம்னா இங்க விழுறது. பாத்திரத்துல சோறு விழுறதுதான் மொத்த அர்த்தமும்.

எங்க தெரு முனையில இட்லிக் கடை மாதிரி ஒரு கடை. வயசான ஒரு அக்கா நடத்துறாங்க. அங்க மூத்தவங்களை ஆணா இருந்தாலும் பெண்ணா இருந்தாலும் 'பீ'ன்னு கூப்பிடுவாங்க, நம்ம அண்ணன், அக்கா மாதிரி. அவங்க சுடச்சுட சோறு, ரப்பர் பேண்டு போட்ட பிளாஸ்டிக் கவர்ல குழம்பு, ரெண்டு வாழைப்பழம், எல்லாத்தையும் ஒரு தட்டுல வச்சுக் காத்திருப்பாங்க. வேலைக்குப் போற பசங்க அவங்ககிட்டயே அதை வாங்கி, அங்கேயே நின்னு கொடுத்துட்டு பைக்ல கிளம்பிடுவாங்க.

பிக்கு எதுவும் கேட்க மாட்டார். நிப்பார், அவ்வளவுதான். யாரும் இல்லைன்னா அடுத்த வாசலுக்குப் போயிடுவார். கொடுத்தா மூடியைத் திறப்பார், வாங்கிப்பார், சின்னதா ஒரு ஆசி ஓதுவார். 'நன்றி'ன்னு மட்டும் சொல்ல மாட்டார். முதல்ல பார்க்கும்போது இது நமக்கு இடறும். கொடுத்தவங்ககிட்ட கேட்டுப் பார்த்தா, நன்றி சொல்ல வேண்டியது நாங்கதானேன்னு சொல்றாங்க. புண்ணியம் சம்பாதிக்க ஒரு வாய்ப்பு அவங்க வாசல் தேடி வந்திருக்கு.

கோயிலுக்குள்ள கொடுக்கும்போதும் ஒரு முறை இருக்கு. சாப்பாட்டைக் கை எட்டுற தூரத்துல நின்னு, கையால எடுத்துக் கொடுக்கணும். மேஜையில வச்சுட்டு 'சாமி, எடுத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுப் போனா கணக்குல வராது. பெண்கள் கொடுக்கும்போது பிக்கு ஒரு துணியை விரிப்பார், பொருளை அது மேல வைக்கணும். கொடுத்து முடிச்ச தட்டை வேற யாராவது எடுத்து நகர்த்திட்டா, மறுபடியும் முதல்ல இருந்து கொடுக்கணும். பொறுப்பு யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சுங்கிறதுல சந்தேகமே இருக்கக் கூடாதுன்னு பார்க்கிறாங்க.

ஊர்ப்புற, நகரக் கோயில்கள் நிறையவற்றுல காலையில ஒரு தடவை, 11 மணி வாக்குல ஒரு தடவைன்னு ரெண்டு வேளை சாப்பிடுறாங்க. காட்டு மடங்கள்ல ஒரே வேளை. பிக்குகள் எடுத்தது போக மிச்சம் அங்கேயே தங்காது. கோயிலுக்கு வந்தவங்க, வேலை செய்றவங்க, வீடு இல்லாதவங்க எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுறாங்க. அதுக்கப்புறம் நாய், பூனை. தாய்லாந்து வாட்கள்ல அவ்வளவு நாய் இருக்கிறதுக்கு ஒரு காரணம் இதுதான்.

ஒரு வாரம் அந்த வரிசையில வழக்கமா வர்ற வயசான பிக்கு வரலை. அவரைத் தெருவே 'லுவாங் தா', அதாவது பெரியவர், தாத்தான்னு கூப்பிடும். ரெண்டாவது நாளே அந்தக் கடைக்கார அக்கா கடையைப் பக்கத்துல ஒப்படைச்சுட்டு வாட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. காய்ச்சல்தான். தனி ரூம்ல இருக்கிற என்னை மாதிரி ஒருத்தன் ரெண்டு நாள் வெளியே வரலைன்னா எத்தனாவது நாள் தெரிய வரும்னு எனக்கு அன்னிக்குத் தோணுச்சு. டெலிவரி ஆப்புக்கு நிச்சயம் தெரியாது.

திரும்ப என்ன கிடைக்குது?

இது ஒருவழிப் பாதை இல்லை. பழைய காலத்துல கிராமத்துப் பள்ளிக்கூடமே வாட்தான். வெளியூர்ல இருந்து படிக்க வந்த ஏழைப் பையன்கள் கோயில்லயே தங்கி, காலையில பிக்குகளோட பை தூக்கிக்கிட்டு நடப்பாங்க. 'டெக் வாட்', கோயில் பசங்கன்னு பேர். குறைஞ்சிருந்தாலும் இன்னமும் இருக்காங்க.

வீட்டுல ஒரு சாவுன்னா உடல் கோயிலுக்குப் போகுது. பல ராத்திரி பிக்குகள் வந்து ஓதுவாங்க, தெருக்காரங்க வந்து உட்காருவாங்க, எல்லாருக்கும் சாப்பாடு, கடைசியில அதே வளாகத்துல இருக்கிற தகன மண்டபம். காலையில யார் பாத்திரத்துல சோறு போட்டாங்களோ, அவங்க வீட்டுச் சாவுல அதே பிக்கு உட்கார்ந்து ஓதுறார்.

அப்புறம், பிக்குங்கிறவர் வேற ஜாதி ஆள் இல்லை. தாய்லாந்துல ஆண்கள் கொஞ்ச காலத்துக்கு மட்டும் துறவியாகிட்டுத் திரும்பி வரலாம். மழைக்காலத்து மூணு மாசம் இருக்கிறது வழக்கம், சில பேர் ரெண்டு வாரம்தான். அரசு ஊழியர்களுக்கு இதுக்காகச் சம்பளத்தோட 120 நாள் வரைக்கும் விடுப்பு உண்டு. என்கூட வேலை பார்த்த டெஸ்டர் ஒருத்தரே ஒரு மழைக்காலம் மொட்டை அடிச்சு பிக்குவா இருந்தவர். பாத்திரத்தைப் பிடிச்சவருக்கும் சோறு போடுறவருக்கும் நடுவுல சுவர் மெல்லிசுதான்.

அந்த மூணு மாச மழைக்காலத் தங்கலுக்குப் பின்னாடியும் ஒரு கதை இருக்கு. மழையில பிக்குகள் ஊர் ஊரா நடந்து பயிரை மிதிக்கிறாங்க, பூச்சி புழுவைக் கொல்றாங்கன்னு மக்கள் குறை சொன்னதால, புத்தர் 'மூணு மாசம் ஒரே இடத்துல இருங்க'ன்னு விதி போட்டார்னு விநய நூல் சொல்லுது. அந்த நூல்ல நிறைய விதிகள் இப்படித்தான் ஆரம்பிக்குது. யாரோ ஊர்க்காரர் முணுமுணுக்கிறார், அது புத்தர் காதுக்குப் போகுது, ஒரு விதி வருது. தங்கல் முடிஞ்சதும் ஒரு மாசத்துக்குள்ள 'கதின' விழா. ஊர் சேர்ந்து துணி கொடுக்கும். பிக்குகள் அதை அன்னிக்கே வெட்டி, தைச்சு, சாயம் போட்டு முடிக்கணும்ங்கிறது மூல விதி. ஒரு கோயிலுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

ரெண்டு பக்கமும் நிறுத்தலாம்

சேமிப்பு இல்லாததால, தினமும் கணக்குக் கேட்கிற உரிமை ரெண்டு பக்கத்துக்கும் இருக்கு. என் கணக்குல இந்த அமைப்போட உயிர் இதுலதான் இருக்கு.

முதல்ல ஊர்ப் பக்கம். கோசாம்பிங்கிற ஊர்ல பிக்குகளுக்குள்ள ஒரு சண்டை. கழிப்பறையில தண்ணியை மிச்சம் வச்சது தப்பா இல்லையாங்கிற அளவுக்கு அற்பமான விஷயத்துல ஆரம்பிச்சு ரெண்டு கட்சியா உடைஞ்சாங்க. புத்தரே சமாதானம் பண்ணிப் பார்த்தார், கேட்கலை, அவர் கிளம்பிக் காட்டுக்குப் போயிட்டார். ஊர்க்காரங்க என்ன பண்ணாங்க? வணங்குறதை நிறுத்தினாங்க, சோறு போடுறதை நிறுத்தினாங்க. அதுக்கப்புறம்தான் அவங்க புத்தரைத் தேடிப் போய்ச் சண்டையை முடிச்சுக்கிட்டாங்க.

இப்போ பிக்குகள் பக்கம். சங்கத்துக்கு ஒருத்தர் பெருந்தீங்கு செஞ்சா, பிக்குகள் கூடி முடிவெடுத்து, அவர்கிட்ட மட்டும் தானம் வாங்க மறுக்கலாம். 'பாத்திரத்தைக் கவிழ்க்கிறது'ன்னு இதுக்குப் பேர். பௌத்த நம்பிக்கை இருக்கிறவங்களுக்கு இது சாதாரண தண்டனை இல்லை. புண்ணியத்தோட கதவையே மூடுறது. பர்மாவுல 1990ல மாந்தலே நகரத்துல ராணுவம் மக்கள் மேலயும் பிக்குகள் மேலயும் சுட்டதுக்கு அப்புறம், பிக்குகள் ராணுவத்தினர், அவங்க குடும்பத்தினர்கிட்ட தானம் வாங்க மறுத்தாங்க. அரசு மடங்களுக்குள்ள புகுந்து கைது பண்ணுச்சு. 2007 செப்டம்பர்ல மறுபடியும் அதே. பகோக்கு ஊர்ல பிக்குகளை அடிச்சதுக்கு மன்னிப்புக் கேட்கலைன்னதும் பாத்திரங்கள் கவிழ்ந்தன, ஆயிரக்கணக்கான பிக்குகள் தெருவுல இறங்கினாங்க. கையில ஒண்ணுமே இல்லாதவங்க வச்சிருந்த ஒரே ஆயுதம், வாங்க மாட்டேன்னு சொல்றதுதான்.

வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்குக் கிடங்கு வச்சிருந்தா கோசாம்பி ஊர்க்காரங்களுக்கு அந்த பலம் வந்திருக்காது. தினமும் தெருவுல வாங்கிப் பழகாம இருந்தா, பர்மா பிக்குகள் வாங்க மறுத்ததுக்கும் அர்த்தமே இருந்திருக்காது.

எங்க உடையுது?

இதை ஒரு அழகான பழைய பழக்கம்னு மட்டும் சொல்லி முடிச்சா அது நேர்மையான எபிசோடா இருக்காது.

முதல் பிரச்சினை பணம். விதி என்ன சொன்னாலும், இன்னிக்கு தாய்லாந்துல நிறைய பிக்குகள் கவர்ல பணம் வாங்குறாங்க. காட்டு மடங்கள்ல கட்டுப்பாடு அதிகம். மற்ற இடங்கள்ல உண்டியல் பக்கத்துலயே க்யூஆர் கோடு ஒட்டியிருக்கு. ஸ்கேன் பண்ணிட்டுப் போயிடலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். கோயில் நிதி மோசடி வழக்குகள் அங்க அடிக்கடி செய்தியாகுது. சோத்தைக் கணக்கில்லாமச் சேர்த்து வைக்க முடியாது, சாயங்காலத்துக்குள்ள கெட்டுப் போயிடும். பணம் கெட்டுப் போகாது. அதுதான் சிக்கலே.

ரெண்டாவது உடம்பு. கொடுத்ததைச் சாப்பிடணும், இது வேணும், அது வேண்டாம்னு சொல்ல முடியாது. பாட்டிகள் வீட்டுல செஞ்ச சோறும் காயும் போய், கடையில வாங்கின வறுவல், தேங்காய்ப்பால் குழம்பு, இனிப்பு பானம்னு ஆனதும் பிக்குகளுக்கு உடல் பருமனும் சர்க்கரை நோயும் வந்துச்சு. 2017ல துறவிகளுக்காகவே ஒரு தேசிய சுகாதார சாசனம் கொண்டு வர்ற அளவுக்குப் போச்சு. அதுல பாதி வேலை மக்களுக்குத்தான். என்ன கொடுக்கலாம், என்ன வேண்டாம்னு. பாத்திரத்துக்குள்ள என்ன இருக்குங்கிறது ஊர் என்ன சாப்பிடுதுங்கிறதோட ரிப்போர்ட்தான்.

மூணாவது, வேடிக்கை. பக்கத்து நாடான லாவோஸ்ல லுவாங் பிரபாங் நகரம் 1995ல யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்துச்சு. அங்க விடிகாலையில பிக்குகள் வரிசையா வந்து பசைச்சோறு வாங்குறது உலகப் புகழ். கேமராவும் ஃப்ளாஷும் பிக்குகள் முகத்துக்குப் பக்கத்துல போக, எப்படி நடந்துக்கணும்னு பயணிகளுக்கு அறிவிப்புப் பலகை வைக்க வேண்டியதாச்சு. வாசல்ல உட்கார்ந்து கொடுக்கிற பாட்டி போட்டோவுக்குப் பின்னணி ஆயிடுறாங்க.

அதே சமயம் நல்ல பக்கமும் இருக்கு. 2020ல கொரோனா வந்து வேலை போனப்போ, வாட்கள்ல உணவுக் கூடங்கள் திறக்கச் சொல்லி சங்கராஜா உத்தரவு போட்டார். தெருவுல இருந்து கோயிலுக்குப் போன சோறு, கோயில்ல இருந்து தெருவுக்கு வந்துச்சு.

தெரியாத ஊர்ல பாத்திரம்

இந்தப் பழக்கம் இல்லாத ஒரு ஊர்ல இது நடக்குமா? ஒரு நிஜமான சோதனையே நடந்திருக்கு.

1977ல தாய்லாந்துக் காட்டு மரபோட பெரிய ஆசான் அஜான் சா லண்டன் போனார். அமெரிக்கரான தன் சீடர் அஜான் சுமேதோவையும் இன்னும் சில மேற்கத்திய பிக்குகளையும் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில ஒரு வீட்டுல விட்டுட்டு வந்தார். அந்த வீட்டை ஒரு டிரஸ்ட் நடத்துச்சு, அதனால பட்டினி கிடக்கிற நிலைமை இல்லை. ஆனாலும் தினமும் பாத்திரத்தோட நடந்தே ஆகணும்னு சொல்லியிருந்தார். அவங்களும் காவி உடையில, மொட்டைத் தலையோட, லண்டன் குளிர்ல ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பூங்கா வழியா நடந்தாங்க. அங்க யாருக்கு என்ன தெரியும்? சோறு போட யாரும் காத்திருக்கலை.

ஆனா தினமும் அதே பாதையில ஜாகிங் ஓடுற ஒருத்தர் இவங்களைப் பார்த்து, நின்னு, பேச ஆரம்பிச்சார். அவருக்கு சசெக்ஸ் பகுதியில ஹாமர் வுட்னு ஒரு காடு சொந்தம். 1978ல அந்தக் காட்டையே அவங்களுக்குக் கொடுத்துட்டார். பக்கத்துலயே ஒரு பாழடைஞ்ச பெரிய வீடு விலைக்கு வந்துச்சு. 1979ல சித்ஹர்ஸ்ட் மடம் அங்க ஆரம்பிச்சுது, இன்னிக்கும் இருக்கு.

இதை அதிசயம்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அதுல சாதாரணமான ஒரு காரணம் தெரியுது. வீட்டுக்குள்ளயே சாப்பாடு இருந்தும், அவங்க தினமும் ஒரே நேரத்துல, ஒரே வழியில, எதுவும் கேட்காம வெளியே வந்தாங்க. ஒருத்தர் கவனிக்க அவ்வளவு வாய்ப்புக் கொடுத்தாங்க.

நம்ம மணிமேகலையிலயும் இதே விஷயம் இருக்கு. அவ கையில கிடைச்ச அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். ஆனா அதுவும் தானா நிரம்பலை. முதல் பிச்சையை ஆதிரைங்கிற பெண் இட்டதுக்கு அப்புறம்தான் அதுல இருந்து ஊருக்கே சோறு வந்துச்சு.

கடைசியா, தாய்லாந்து போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. காலையில சீக்கிரம் எழுந்து தெருக்கடையில புதுசாச் செஞ்ச சோறு ஒரு பொட்டலம் வாங்குங்க. இனிப்பும் கூல் டிரிங்க்ஸும் வேண்டாம். செருப்பைக் கழட்டுங்க, பேசாமப் பாத்திரத்துல வைங்க, பெண்களா இருந்தா கை படாமப் பார்த்துக்கோங்க. போட்டோ வேணும்னா தள்ளி நின்னு, ஃப்ளாஷ் இல்லாம எடுங்க. அவர் நன்றி சொல்லலைன்னு நினைக்காதீங்க.

பாங்காக் போகாதவங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க மாடியில, உங்க தெருவுல, நீங்க ரெண்டு நாள் கண்ணுல படலைன்னா கதவைத் தட்டுறவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க. யாரும் ஞாபகத்துக்கு வரலைன்னா, இந்த வாரம் யாராவது ஒருத்தர்கிட்ட ஒரு டம்ளர் காபிப்பொடி கடன் கேளுங்க. கடையில கிடைக்கும்னாலும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.